தரவுத்தளக் கிளஸ்டரைத் தானாகக் கண்காணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் தனியார் மருத்துவ நிலையங்கள், மொத்த வியாபாரக் கடைகள், கடன் கொடுக்கும் சங்கங்கள் என்று சிறிய இடங்களுக்குத் தரவுத்தளம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. ஒரே சந்தேகங்கள் தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப வருவதால் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளையும், அதோடு ஓடும் பாட்ரோனி, எட்சிடி, ப்ரொமீதியஸ் என்ற துணை மென்பொருள்களையும் சுற்றியே இருக்கும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் வைத்திருக்கும் ஆட்களுக்கும் நடுவில் ஒரு பதில் உண்டு.

கிளஸ்டர் கிளஸ்டர் எண்டு சொல்லுறீங்கள், அதுக்குள்ள உண்மையில என்னதான் இருக்கு?

குறைந்தது இரண்டு தரவுத்தளச் சேர்வர். ஒன்று பிரைமரி, எழுதுவதெல்லாம் அங்கேதான். மற்றது ஸ்டான்பை, பிரைமரியில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் வாங்கித் தன்னிடமும் பதிந்துகொள்ளும், இதற்குப் பெயர் ரெப்ளிகேஷன். பிரைமரி விழுந்தால் ஸ்டான்பை அந்த இடத்தை எடுக்கும். இதுதான் ஃபெயிலோவர்.

ஆள் கை வைக்காமல் இது நடக்க இன்னும் இரண்டு வேண்டும். ஒவ்வொரு சேர்வரிலும் பாட்ரோனி இருந்து தன் போஸ்ட்கிரெஸ்ஸைக் கவனிக்கும். எட்சிடி, இப்போது பிரைமரி யார் என்ற ஒரே பதிலை எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும். செயலிகள் நேரே சேர்வருக்குப் போகாமல், இணைப்பைச் சரியான சேர்வருக்குத் திருப்பிவிடும் எச்ஏபுரொக்சி வழியாகப் போனால், மாற்றம் நடந்ததே அவற்றுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அதுதான் தானா மாறுமே. பிறகேன் தனியா ஒரு கண்காணிப்பு?

தீர்மானிப்பது ஒரு வேலை, பார்த்துச் சொல்வது வேறு வேலை. பாட்ரோனி தீர்மானிக்கிறது. ப்ரொமீதியஸ் பார்க்கிறது, உங்களுக்குச் சொல்கிறது. ஃபெயிலோவர் நன்றாக நடந்தால் வாடிக்கையாளர் ஒருவருக்கும் தெரியாது, நீங்களும் பார்க்காவிட்டால் உங்களுக்கும் தெரியாது. பழைய பிரைமரி ஒரு மூலையில் படுத்திருக்கும். கிளஸ்டர் ஒற்றைக் காலில் நிற்கும். அடுத்தது விழும்போதுதான் விஷயம் வெளியே வரும், அப்போது ஏறுவதற்கு ஸ்டான்பை இருக்காது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கண்காணிக்கும் மென்பொருளில் அலேர்ட் வந்தால் ஸ்டான்பையைப் பிரைமரி ஆக்கு என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். பார்ப்பவருக்குத் தெரியவில்லை என்றால் சேர்வர் செத்துவிட்டது என்று பொருளாகாது, பார்ப்பவரின் வலையமைப்பு அறுந்திருக்கலாம். ஒருவர் கண்ணை மட்டும் நம்பித் தலைமையை மாற்றக் கூடாது. யார் மாற்றலாம் என்பதைப் பின்னால் மூன்று சேர்வர் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

பிங் போகுது, போர்ட்டும் திறந்திருக்கு. இது காணாதோ?

காணாது. வாசல் மணி வேலை செய்கிறது என்பதற்காக வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்ல முடியாதே. பிங்குக்குப் பதில் சொல்வது இயங்குதளம். டிஸ்க் முழுவதும் நிரம்பி போஸ்ட்கிரெஸ் விழுந்து கிடந்தாலும் பிங் அழகாகப் போகும். போர்ட் திறந்திருந்தாலும் இணைப்பு எண்ணிக்கை முடிந்திருக்கலாம். போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பான உச்சவரம்பு 100 இணைப்புகள். செயலி ஒன்று இணைப்பை மூடாமல் கசியவிட்டால் அது ஒரு பின்னேரத்துக்குள் முடிந்துவிடும்.

நான் நம்புவது ஒன்றைத்தான்: எழுதிப் பார்ப்பது. ஒரே ஒரு வரிசை கொண்ட ஒரு சிறிய அட்டவணை போடுங்கள். சில செக்கனுக்கு ஒருமுறை, செயலி போகும் அதே எச்ஏபுரொக்சி வழியாகப் போய், அந்த வரிசையில் இப்போதைய நேரத்தை எழுதுங்கள். பிறகு ஸ்டான்பையில் அதே வரிசையை வாசியுங்கள். எழுத முடிந்தால் பிரைமரி உயிரோடு இருக்கிறது, வழியும் சரி, கடவுச்சொல்லும் சரி, டிஸ்க்கில் இடமும் இருக்கிறது. ஸ்டான்பையில் வாசித்த நேரம் எவ்வளவு பழையதோ அவ்வளவுதான் உண்மையான பின்தங்கல். இதை இதயத்துடிப்பு வரிசை என்று இங்கே குறிப்பிடுகிறேன், இன்னும் பல பதில்களில் வரும்.

ஒரு நிபந்தனை: சேர்வர்களின் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். எல்லாவற்றிலும் கடிகாரத்தைச் சரிப்படுத்தும் குரொனி ஓடுகிறதா என்று பாருங்கள். கடிகார விலகலுக்கும் ஒரு அலேர்ட் போடுங்கள்.

கிரஃபானாவைத் திறந்தால் நூறு கிராஃப் கிடக்குது. எதைப் பார்க்கிறது?

கிரஃபானா, ப்ரொமீதியஸ் எடுத்த எண்களைக் கிராஃபாகக் காட்டும் மென்பொருள். நூறும் இருக்கட்டும், பிரச்சினை வந்த பிறகு காரணம் தேட உதவும். அலேர்ட் போடுவதற்கு மிகச் சிலதே வேண்டும். பிரைமரி சரியாக ஒன்று இருக்கிறதா என்பது முதலாவது. பூச்சியம் என்றாலும் பிழை, இரண்டு என்றால் அதைவிடப் பெரிய பிழை. பிறகு இதயத்துடிப்பு வரிசையின் வயது, ஒவ்வொரு ஸ்டான்பையும் இணைந்திருக்கிறதா, டிஸ்க்கில் மிச்ச இடம், இணைப்புகள் உச்சவரம்பை நெருங்குகின்றனவா, கடைசி பேக்கப் எப்போது வெற்றியாக முடிந்தது.

இதோடு மிகப் பழைய திறந்த பரிவர்த்தனையின் வயதையும் நான் சேர்ப்பேன். யாரோ அலுவலகத்தில் ஒரு பரிவர்த்தனையைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், அதன்பிறகு பழையதான வரிசைகளைப் போஸ்ட்கிரெஸ்ஸின் துப்புரவு வேலையான வக்குயூமால் சுத்தம் செய்ய முடியாது. அட்டவணை ஊதிக்கொண்டே போகும். சிபியு கிராஃபைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. சிபியு 90 வீதம் என்பதற்கு நான் அலேர்ட் போடுவதில்லை. கேள்விகளுக்கு நேரத்துக்குப் பதில் வருகிறதென்றால் சிபியு உழைத்துவிட்டுப் போகட்டும்.

எத்தனை செக்கனுக்கு ஒருக்கால் பார்க்கிறது? ஒரு செக்கன் எண்டு போட்டால் நல்லம்தானே?

பாட்ரோனியின் இயல்பான கணக்கு இது: 10 செக்கனுக்கு ஒருமுறை சுற்று. பிரைமரி யார் என்று எட்சிடியில் இருக்கும் பதிவுதான் தலைமைச் சாவி, பிரைமரி அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதன் ஆயுள் 30 செக்கன். எட்சிடியோ போஸ்ட்கிரெஸ்ஸோ பதில் தராவிட்டால் 10 செக்கன் வரை மீண்டும் முயலும். சுற்று நேரத்தோடு மீள்முயற்சி நேரத்தின் இரு மடங்கைக் கூட்டினால் சாவியின் ஆயுளைத் தாண்டக் கூடாது. இயல்பு எண்கள் சரியாக அந்த எல்லையில் நிற்கின்றன. பிரைமரி இயந்திரம் மின்சாரம் போய் அப்படியே நின்றால், சாவி காலாவதியாக 20 முதல் 30 செக்கன் ஆகும், அதன் பிறகே புதிய பிரைமரிக்கான தேர்தல். இதைக் குறைக்க விரும்பி எல்லா எண்களையும் நெருக்கினால், வலையமைப்பின் சிறிய விக்கலுக்கெல்லாம் தலைமை மாறும். யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியே போகும் இணைப்பில் சில செக்கன் விக்கல் புதுமையல்ல. இயல்பு எண்களிலேயே விடுங்கள்.

ப்ரொமீதியஸ் இயல்பாக 1 நிமிடத்துக்கு ஒருமுறை எண்களை எடுக்கும். தரவுத்தளத்துக்கு 15 செக்கன் போதும். அலேர்ட் விதியில் இந்த நிலை இவ்வளவு நேரம் நீடித்தால் மட்டும் கூப்பிடு என்று ஒரு கால அளவு கட்டாயம் இருக்க வேண்டும். எழுத முடியவில்லை என்பதற்கு 1 நிமிடம், பின்தங்கலுக்கு 5 நிமிடம் என்று நான் வைப்பேன். ஃபெயிலோவர் தானாக முடியும் நேரத்துக்குள் ஆளை எழுப்புவதில் பயனில்லை.

பிரைமரி விழுந்து 3 நிமிசமாச்சு, ஒண்டும் மாறேல்லை. 30 செக்கன் எண்டுதானே சொன்னீங்கள்?

மேலே சொன்ன 30 செக்கன், இயந்திரமே போனால். இயந்திரமும் பாட்ரோனியும் உயிரோடு இருக்க போஸ்ட்கிரெஸ் மட்டும் விழுந்தால் கதை வேறு. பாட்ரோனி முதலில் அதே இடத்தில் அதைத் திரும்ப எழுப்பப் பார்க்கும். அதற்கு இயல்பாக 300 செக்கன் வரை பொறுமை காக்கும். விழுந்த போஸ்ட்கிரெஸ் எழும்பும்போது, மாற்றங்களை எழுதி வைத்த பதிவேட்டை மீள ஓட்டிச் சரிசெய்ய வேண்டியிருப்பதால் அந்த நேரம் உண்மையாகவே தேவைப்படலாம்.

ஸ்டான்பை எப்போதும் நெருக்கமாகவே ஓடுகிறது, 5 நிமிடம் காத்திருக்க முடியாது என்றால் அந்த எண்ணைக் குறைக்கலாம். பூச்சியம் என்று போட்டால் விழுந்த உடனேயே மாறப் பார்க்கும். ஆனால் ஸ்டான்பையின் பதிலுக்குக் காத்திராத ஒத்திசைவற்ற ரெப்ளிகேஷனில் கடைசிச் சில பரிவர்த்தனைகள் போகலாம். மருந்துக் கடைப் பட்டியலுக்கு நான் குறைப்பேன். கடன் தவணை வரவு வைக்கும் தரவுத்தளத்துக்கு உரிமையாளரிடம் கேட்காமல் தொடமாட்டேன்.

எங்களிட்ட ரெண்டு சேர்வர்தான். மூண்டாவது வாங்கக் காசில்லை. சமாளிக்கலாமோ?

தானாக மாற வேண்டுமென்றால் சமாளிக்க முடியாது. இரண்டு பேர் மட்டும் இருந்து நடுவில் கம்பி அறுந்தால், இருவருக்கும் மற்றவர் செத்துவிட்டதாகவே தெரியும். இருவரும் எழுதத் தொடங்குவார்கள். அதனால்தான் எட்சிடி பாதிக்கு மேல் ஆட்கள் ஒத்துக்கொண்டால்தான் எதையும் எழுதும். மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று. மூன்று பேர் இருந்தால் ஒருவரை இழக்கலாம், ஐந்து என்றால் இருவரை. நான்கு வைத்தாலும் ஒருவரைத்தான் இழக்கலாம், ஆகவே நான்கில் இலாபமில்லை.

நல்ல செய்தி, மூன்றாவது ஆள் தரவுத்தளச் சேர்வராக இருக்கத் தேவையில்லை. எட்சிடி மட்டும் ஓடும் ஒரு சின்ன இயந்திரம் போதும். தரவு அங்கே இராது, வாக்கு மட்டும் இருக்கும். ஆனால் டிஸ்க் மெதுவான பழைய மடிகணினியை மூலையில் போட்டு ஓட்டலாமா என்று கேட்டால், எட்சிடி பற்றிய கேள்வியை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

மூண்டையும் எங்கட கட்டடத்திலயே வைச்சால் என்ன?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் என்று அமைச்சர் சொன்னார், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறைக் குரங்குக்கும் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் சேர்வருக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். ஒரே மின்வலையில் இருக்கிறோம், அதுதான் உறவு. ஒன்றை ஆஸ்பத்திரி வீதியிலும் மற்றதைக் கொக்குவிலிலும் வைத்தாலும் இரண்டுக்கும் மின்சாரம் சேர்ந்தே போகும். 2022ல் நாளுக்குப் பல மணிநேரம் வெட்டியபோது யூபிஎஸ் பற்றரிகள் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

ஆகவே மூன்றாவது வாக்கு வேறு இடத்தில் இருக்கட்டும். கொழும்பில் ஜெனரேற்றர் உள்ள ஒரு தரவு மையத்திலோ, வாடகைக்கு எடுத்த வெளிநாட்டு மேகச் (கிளவுட்) சேர்வரிலோ வைக்கலாம். வெளிநாடு என்றால் போய்வரும் நேரம் பல பத்து மில்லி செக்கனாகக் கூடும், எட்சிடி அங்கத்தவர்கள் தமக்குள் அனுப்பும் இயல்பான 100 மில்லி செக்கன் துடிப்பையும் 1000 மில்லி செக்கன் தேர்தல் நேரத்தையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும்.

இன்னொன்று. சேர்வர்களுக்கு நல்ல யூபிஎஸ் போடுவார்கள். ஃபைபர் ரவுட்டரும் சின்ன சுவிட்சும் சுவரில் உள்ள சாதாரண பிளக்கில் செருகப்பட்டிருக்கும். கரண்ட் போனவுடன் சேர்வர் மூன்றும் உசிரோடு, ஒன்றோடொன்று கதைக்க வழியில்லாமல் நிற்கும். நான் புது இடத்துக்குப் போனால் திரையைத் திறக்க முதல் மேசைக்குக் கீழே குனிந்து அந்த வயர் எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன். யூபிஎஸ்ஸின் பற்றரி அளவையும் யூஎஸ்பி வயர் ஒன்றால் எடுத்துப் ப்ரொமீதியஸுக்குக் கொடுக்கலாம். நட் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும்.

ரெண்டு பக்கமும் நான்தான் பிரைமரி எண்டு நிண்டால் என்ன நடக்கும்?

இரண்டு பக்கமும் வேறு வேறு பதிவுகள் சேரும், பிறகு அவற்றைத் தானாக ஒன்றாக்க வழியில்லை. மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் இணையத்தளமான கிட்ஹப்புக்கு 2018 ஒக்டோபர் 21ல் நடந்தது நல்ல பாடம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இணைப்பு 43 செக்கன் மட்டும் அறுந்தது. அந்த இடைவெளியில் அவர்களது மைஎஸ்கியூஎல் கிளஸ்டர்களை மேலாண்மை செய்த ஆர்கெஸ்ட்ரேட்டர், மேற்குக் கரையில் தலைமையை ஏற்றிவிட்டது. கிழக்கில் ஏற்கெனவே எழுதியிருந்த சில பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. 43 செக்கனைச் சரிசெய்ய 24 மணி 11 நிமிடம் பிடித்தது. அங்கே பெரும்பான்மை விதியும் இருந்தது, மென்பொருள் சொன்னபடியே வேலை செய்தது. தூரத்துக் கரைக்குத் தலைமை போகலாமா என்பதை முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும் என்பதே பிரச்சினை.

நம் அளவுக்கு இரண்டு காவல். ஒன்று, சாவியைப் புதுப்பிக்க முடியாத பிரைமரியைப் பாட்ரோனி தானே கீழே இறக்கிவிடும். இரண்டு, பாட்ரோனியே உறைந்துபோனால் லினக்ஸின் வாட்ச்டோக் இயந்திரத்தை மறுதொடக்கம் செய்யும். வாட்ச்டோக் இயல்பாக இயங்கும் என்று நம்ப வேண்டாம், அந்தச் சாதனம் இருக்கிறதா, பாட்ரோனிக்கு அதைத் திறக்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். யாழ்ப்பாணத்துச் சேர்வருக்கும் தூரத்து மேகத்துக்கும் நடுவில் தலைமை தானாகப் போகக் கூடாதென்றால், தூரத்து ஸ்டான்பைக்கு ஃபெயிலோவர் வேண்டாம் என்று குறியிட்டு வையுங்கள்.

பின்தங்கல் 0 எண்டு காட்டுது. ஆனால் நேற்றையான் பில் ஸ்டான்பையில இல்லை. இது எப்படி?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பார்த்தால் காரணம் ஒன்றுதான். ஸ்டான்பையிடம் நீ வாங்கியது எவ்வளவு, அதில் பதிந்தது எவ்வளவு என்று கேட்டு இரண்டையும் கழித்திருப்பார்கள். இணைப்பு அறுந்து ஒன்றுமே வராமல் நின்றாலும், வாங்கியது எல்லாவற்றையும் பதிந்து முடித்துவிட்டது, வித்தியாசம் பூச்சியம். ஸ்டான்பை பொய் சொல்லவில்லை, கேள்விதான் பிழை.

கடைசியாகப் பதிந்த பரிவர்த்தனையின் நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் எதிர்ப்பக்கம் தவறும். இரவு 2 மணிக்குக் கடையில் ஒருவரும் எழுதாவிட்டால், ஸ்டான்பை எல்லாவற்றையும் பெற்றிருந்தும் பின்தங்கல் கூடிக்கொண்டே போவதாகக் காட்டும். பிரைமரியின் பக்கத்திலிருந்து ரெப்ளிகேஷன் காட்சியைப் (pg_stat_replication) பார்ப்பது நல்லது, போஸ்ட்கிரெஸ்ஸின் 10ஆம் பதிப்பிலிருந்து எழுதியது, டிஸ்க்கில் உறுதியானது, பதிந்தது என்று மூன்று தாமதமும் அங்கே கிடைக்கும். ஆனால் அறுந்துபோன ஸ்டான்பைக்கு அந்தக் காட்சியில் ஒரு வரிசையே இராது. இல்லாத வரிசைக்கு அலேர்ட் அடிக்காது. எத்தனை வரிசை இருக்க வேண்டுமோ அத்தனை இருக்கிறதா என்று எண்ணும் விதி தனியாக வேண்டும்.

இந்த எல்லாச் சிக்கலையும் முதலில் சொன்ன இதயத்துடிப்பு வரிசை தாண்டிவிடும். எழுத்து நிற்காமல் போகிறது, வயதைக் கழித்தால் முடிந்தது.

ராத்திரி பிரைமரியின்ர டிஸ்க் நிரம்பிட்டுது. ஒருத்தரும் ஒண்டும் ஏத்தேல்லை. ஆர் நிரப்பினது?

பெரும்பாலும் ரெப்ளிகேஷன் ஸ்லொட். இந்த ஆள் வாங்கும்வரை பதிவேட்டுக் கோப்புகளை அழிக்காதே என்று பிரைமரிக்கு அது சொல்லி வைக்கிறது. அந்த ஆள் திரும்பி வரவே இல்லையென்றால் கோப்புகள் சேர்ந்துகொண்டே போகும். பாட்ரோனி தன் கிளஸ்டர் அங்கத்தவர்களின் ஸ்லொட்டுகளைத் தானே பராமரிக்கும். கையால் கட்டிய கிளஸ்டரிலும், நிரந்தரம் என்று அமைப்பில் எழுதிவிட்டு மறந்துபோன ஸ்லொட்டிலும்தான் இந்த வேலை நடக்கும்.

எழுத்தே இல்லாத இரவில் எப்படி நிரம்பும் என்று கேட்பார்கள். ஒரு பதிவேட்டுக் கோப்பு 16 மெகாபைட். பதிவேட்டுக் கோப்புகளை வேறிடத்தில் சேமித்து வைப்பதற்காக 60 செக்கனுக்கு ஒருமுறை கோப்பை மாற்று என்று அமைத்திருந்தால், நம் இதயத்துடிப்பு வரிசையின் ஒரு சின்ன எழுத்துக்கே நிமிடத்துக்கு ஒரு முழுக் கோப்பு போகும். மணிக்கு 960 மெகாபைட், ஒரு நாளில் 22 கிகாபைட்டுக்கு மேல். போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பிலிருந்து ஸ்லொட் எவ்வளவு பிடித்து வைக்கலாம் என்று எல்லை போடலாம், இயல்பில் எல்லை கிடையாது. எல்லை போடுங்கள். எல்லை மீறினால் அந்த ஸ்டான்பையைத் திரும்பக் கட்ட வேண்டி வரும், பிரைமரி நிற்பதைவிட அது பரவாயில்லை.

எல்லாரையும் எட்சிடி பார்க்குது. எட்சிடியை ஆர் பார்க்கிறது?

நீங்கள்தான். எட்சிடி பெரும்பான்மையை இழந்தால், போஸ்ட்கிரெஸ் நல்ல சுகமாக இருந்தாலும் பாட்ரோனி பிரைமரியை இறக்கிவிடும். தரவுத்தளத்தில் ஒரு குறையுமில்லாமல் கடை நின்றுவிடும். பாட்ரோனி 3.0 இலிருந்து ஃபெயில்சேஃப் என்ற முறை வந்திருக்கிறது. அதைத் திறந்துவிட்டால், எட்சிடி இல்லாத நேரத்திலும் மற்ற எல்லா அங்கத்தவர்களையும் நேரே தொடர்புகொள்ள முடிந்தால் பிரைமரி தொடர்ந்து ஓடும்.

எட்சிடி டிஸ்க்கின் வேகத்தை மிகவும் நம்பியிருக்கிறது. ஒவ்வொரு எழுத்தையும் டிஸ்க்கில் உறுதிப்படுத்தும் நேரம், நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை 10 மில்லி செக்கனுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்களது வழிகாட்டல். சுழலும் பழைய டிஸ்க்கில் பேக்கப்பும் ஓடினால் அது நடக்காது, எட்சிடிக்குள் தலைமைத் தேர்தல்கள் அடிக்கடி வரும். இன்னொரு எல்லை, எட்சிடியின் சேமிப்பு இயல்பாக 2 கிகாபைட். நிரம்பினால் எழுத்தை மறுக்கும்.

நாங்கள் மைஎஸ்கியூஎல். எங்களுக்கு இது பொருந்துமோ?

எண்ணம் எல்லாம் பொருந்தும், பெயர்கள் மாறும். பின்தங்கலைச் செக்கனில் சொல்லும் எண் மைஎஸ்கியூஎல்லில் உண்டு. ரெப்ளிகேஷன் நின்றால் அது பூச்சியமாகாது, வெறுமையாகும். வெறுமையைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும் கிராஃப்கள் ஊருக்குள் நிறைய. இதயத்துடிப்புக்குப் பெர்கோனா நிறுவனத்தின் பிடி-ஹார்ட்பீட் என்ற கருவி தயாராக இருக்கிறது.

எல்லாச் சேர்வரிலும் எழுதக்கூடிய மைஎஸ்கியூஎல் கிளஸ்டரான கலேரா என்றால் மூன்று கேள்வி: கிளஸ்டரில் எத்தனை பேர், நான் பெரும்பான்மைப் பக்கத்தில் இருக்கிறேனா, நான் ஒத்திசைந்த நிலையில் இருக்கிறேனா. அதோடு ஓட்டக் கட்டுப்பாடு எவ்வளவு நேரம் எழுத்தை நிறுத்தி வைத்தது என்பதையும் பாருங்கள். ஒரு மெதுவான சேர்வர் எல்லோரையும் இழுத்துப் பிடிப்பது அங்கேதான் தெரியும்.

எச்ஏபுரொக்சி பிரைமரியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பாட்ரோனி 8008 போர்ட்டில் பதில் சொல்லும். நீ பிரைமரியா என்று கேட்டால் பிரைமரி ஆம் என்ற பொருளில் 200 என்று சொல்லும், மற்றவர்கள் 503 என்பார்கள். எச்ஏபுரொக்சி 200 சொன்னவரிடம் மட்டும் அனுப்பும். எச்ஏபுரொக்சி ஒன்றே ஒன்று இருந்தால் அது விழும்போது கிளஸ்டர் இருந்தும் பயனில்லை, ஒன்று விழுந்தால் அதன் முகவரியை மற்றதற்கு மாற்றும் கீப்அலைவ்டியோடு இரண்டு வையுங்கள்.

கண்காணிக்கிற யூசருக்கு சூப்பர்யூசர் குடுத்திட்டன். பரவாயில்லையோ?

எடுத்துவிடுங்கள். கண்காணிப்புக்கு மட்டும் உரிமை தரும் பிஜி_மானிட்டர் என்ற பாத்திரம் போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது, அதோடு இதயத்துடிப்பு அட்டவணைக்கு மட்டும் எழுதும் உரிமை. வேறு ஒன்றும் வேண்டாம்.

அலேர்ட் வந்து வந்து இப்ப ஒருவரும் போனைப் பார்க்கிறதில்லை. என்ன செய்யலாம்?

வெட்டுங்கள். இரண்டு வகை மட்டும் வையுங்கள்: இப்போதே ஆளை எழுப்ப வேண்டியது, காலையில் பார்த்தால் போதுமானது. எழுத முடியவில்லை, பிரைமரி இல்லை, இரண்டு பிரைமரி, டிஸ்க் சில மணிநேரத்தில் நிரம்பும் என்பவை முதல் வகை. ஒரு ஸ்டான்பை விழுந்தது, பேக்கப் ஒரு தடவை தவறியது எல்லாம் காலை வகை. முதல் வகை வந்து ஒருவரும் ஒன்றும் செய்யாமலே தீர்ந்துவிட்டதென்றால் அந்த விதியை அடுத்த நாளே இரண்டாம் வகைக்கு இறக்குங்கள்.

ப்ரொமீதியஸின் அலேர்ட்டுகளை ஆட்களுக்கு அனுப்பும் அலேர்ட்மனேஜரில் தொகுப்பும் தணிப்பும் இருக்கின்றன. இடம் முழுவதும் இணைப்பு போனால் சேர்வர் வாரியாக முப்பது செய்தி தேவையில்லை, இணைப்பு போனது என்ற ஒன்று மற்றவற்றை அடக்கிவிடும். அடுத்தது ஆள் முறை. யார் இந்த வாரம் என்று பெயர் போட்ட பட்டியல் இல்லாமல் எல்லோருக்கும் அனுப்பினால் எவருக்கும் அனுப்பவில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளுக்கும் பட்டியலை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். தேரன்று வீதியில் சனத்துக்குள் நிற்பவரால் மடிகணினி திறக்க முடியாது.

கண்காணிக்கிற சேர்வரே செத்தால் ஆர் சொல்லுறது?

அமைதி நல்லது என்று எடுக்கக் கூடாது. ப்ரொமீதியஸில் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு அலேர்ட்டைப் போட்டு, அதை யாழ்ப்பாணத்துக்கு வெளியே உள்ள ஒரு சேவைக்குச் சில நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். அது வராமல் நின்றால் அந்த வெளிச் சேவை உங்களைக் கூப்பிடட்டும். அலுவலக ஃபைபர் அறுந்தால் உள்ளே இருக்கும் அலேர்ட்மனேஜரால் வட்ஸ்அப்புக்கும் மின்னஞ்சலுக்கும் எதையும் அனுப்ப முடியாது. அந்த நேரம் பேசக்கூடியவர் வெளியே இருப்பவர் மட்டுமே. முதல் வகை அலேர்ட்டுக்கு உண்மையான தொலைபேசி அழைப்பு அல்லது குறுஞ்செய்தி வேண்டும், இரவில் வட்ஸ்அப் சத்தம் எவரையும் எழுப்பாது.

கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லாபுக்கு 2017 ஜனவரி 31ல் நடந்ததில் இந்தப் பாடமும் உண்டு. தவறுதலாகப் பிரைமரியின் தரவு அழிக்கப்பட்டு, பேக்கப்பைத் தேடினால் பேக்கப்பும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் கையொப்பக் குறையால் பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய 6 மணிநேரத் தரவு போனது.

ஸ்டான்பையில அப்படியே கொப்பி இருக்கு. அதுதானே பேக்கப்?

இல்லை. பிரைமரியில் ஒருவர் அட்டவணையை அழித்தால் அது அடுத்த நொடியே ஸ்டான்பையிலும் அழியும். ரெப்ளிகேஷன் கீழ்ப்படிதலுள்ளது. மேலே கிட்லாப் பதிலைப் பாருங்கள், அங்கும் ஸ்டான்பை இருந்தது. பேக்கப் தனி, அதை மீட்டுப் பார்ப்பதும் தனி வேலை. மாதம் ஒருமுறை தானாக ஒரு வெற்றுச் சேர்வரில் மீட்டு, அதற்குள் இருக்கும் இதயத்துடிப்பு வரிசையின் நேரத்தை வாசித்துப் ப்ரொமீதியஸுக்கு அனுப்புங்கள். எந்த நேரம் வரைக்கும் மீட்க முடியும் என்று அந்த எண்ணே சொல்லும்.

பழைய பிரைமரி எழும்பி வந்தால் அதில மிச்சமிருக்கிற பதிவுகள் என்னாகும்?

ஒத்திசைவற்ற முறையில், விழுவதற்கு முன் எழுதி ஸ்டான்பைக்குப் போகாத பதிவுகள் பழையதில் மட்டும் இருக்கும். பிஜி_ரிவைண்ட் என்ற கருவி பழையதைப் பின்னோக்கி நகர்த்திப் புதிய தலைமையோடு சேர்க்கும், அந்தப் பதிவுகள் போய்விடும். அது இயங்கத் தரவுச் சரிபார்ப்புக் குறிகளோ (data checksums), குறிப்புப் பதிவு அமைப்போ (wal_log_hints) முன்பே இயங்கியிருக்க வேண்டும். எவ்வளவு பின்தங்கிய ஸ்டான்பை தலைமைக்கு வரலாம் என்பதற்குப் பாட்ரோனியின் இயல்பு எல்லை 1 மெகாபைட். ஒரு பரிவர்த்தனையும் போகக் கூடாதென்றால் ஒத்திசைவு முறை. விலை, ஸ்டான்பை பதில் சொல்லும்வரை ஒவ்வொரு எழுத்தும் காத்திருக்கும். பணம் புழங்கும் தரவுத்தளத்துக்கு நான் அதையே போடுவேன்.

உண்மையா மாறுமோ எண்டு எப்படிச் சோதிக்கிறது? பயமா இருக்கு.

படிப்படியாக. முதலில் பாட்ரோனியின் கட்டளையால் ஒழுங்காகத் தலைமையை மாற்றுங்கள். அடுத்த முறை போஸ்ட்கிரெஸ்ஸை மட்டும் கொல்லுங்கள். பிறகு பிரைமரியின் வலையமைப்பு வயரைப் பிடுங்குங்கள். கடைசியாக மின் வயர். ஒவ்வொன்றிலும் இதயத்துடிப்பு எழுத்தில் எத்தனை செக்கன் இடைவெளி விழுந்தது என்று குறித்து வையுங்கள், முதலாளி கேட்டால் சொல்ல அதுதான் எண். சனிக்கிழமை பின்னேரம், கடை பூட்டிய பிறகு, பேக்கப் முடிந்ததை உறுதி செய்த பின் தொடங்குங்கள். மின் வயரைப் பிடுங்கும்போது மேலே சொன்ன ரவுட்டர் பிளக்கும் சேர்ந்தே சோதிக்கப்படட்டும்.

மேகத்தில நிர்வகிக்கிற சேவை எடுத்தால் இந்தத் தலையிடி ஒண்டும் இல்லைத்தானே?

பாதி இல்லை. அமேசானின் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில் பல வலய ஃபெயிலோவர் வழக்கமாக 60 முதல் 120 செக்கன் என்று அவர்களே சொல்கிறார்கள். எட்சிடி, வாட்ச்டோக், ஸ்லொட் எல்லாம் அவர்கள் பாடு. ஆனால் உங்கள் செயலி பழைய முகவரியை நினைவில் பிடித்துக்கொண்டு இறந்த சேர்வரையே தட்டிக்கொண்டிருக்கலாம், அது அவர்களின் பலகையில் பச்சையாகவே தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போகும் வழியும் உங்கள் பாடுதான். இதயத்துடிப்பு வரிசையை அங்கும் விடாதீர்கள்.

பராமரிப்பு செய்யேக்க தானா மாறாமல் நிப்பாட்டி வைக்கலாமோ?

வைக்கலாம், பாட்ரோனியை இடைநிறுத்தும் கட்டளை இருக்கிறது. கிளஸ்டர் ஓடும், ஆனால் எது விழுந்தாலும் தானாக மாறாது. வேலை முடிந்து திரும்ப இயக்க மறந்துவிட்டுப் போவதுதான் வழக்கம், வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. இடைநிறுத்தப்பட்டிருக்கிறதா என்ற எண்ணைப் பாட்ரோனி தன் அளவீடுகளில் தருகிறது. அது 2 மணிநேரத்துக்கு மேல் 1 ஆக நின்றால் முதல் வகை அலேர்ட் போடுங்கள்.